வெண்டெலின் படகில் வேண்டாம்

லாஸ் வேகாஸ்
மே 4, 1997

மோவானிக்கு,

நீ போனை எடுக்கமாட்டாய் என்பதால் எழுதுகிறேன். போன வாரம் நான் கூப்பிட்டபோது வெண்டெல்தான் எடுத்தான். "மோவானி குளிக்கிறா" என்றான். நீ பக்கத்தில் நின்று வேண்டாம் என்று கையை ஆட்டியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? உன் கணவன் பள்ளிக்கூடத்தில் என் வகுப்பு. அப்போதிருந்தே அவனுக்குப் பொய் சொல்ல வராது.

அம்மாவின் சாவுக்கு நான் வரவில்லை என்ற கோபம் இன்னும் அப்படியே இருக்கட்டும். அதைத் தீர்க்க இந்தக் கடிதம் இல்லை. இது என் மகள் நோஹேயாவுக்காக.

அவளுக்குப் பத்தொன்பது வயதாகிவிட்டது. இந்தப் பாலைவனத்தில் ஒரு ஏரி இருக்கிறது. பச்சைத் தண்ணீர், கையை நீட்டினால் விரல் தெரியாது. வார இறுதியில் அங்கே போய் முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு முங்கக் கற்றுக்கொண்டாள். சான்றிதழும் வாங்கிவிட்டாள். ஜூலையில் நம் தீவுக்கு வந்து, ராத்திரியில் கொம்புத் திருக்கை மீன்களோடு முங்க வேண்டுமாம். கடலில் அவளுக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

யார் படகில் போவது என்று பார்க்க விளம்பரத் தாள்களை எல்லாம் வரவழைத்தேன். நம்ம ஊரில் இத்தனை படகுகள் எப்போது வந்தன? ஒருவன் வீடியோ எடுத்துத் தருகிறேன் என்கிறான். இன்னொருவன் திருக்கை வராவிட்டால் மறுநாள் இலவசம் என்கிறான். எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினேன். நோஹேயா வந்து மொத்தத்தையும் அள்ளிக் குப்பையில் போட்டாள். "சித்தப்பா படகு இருக்கும்போது இதெல்லாம் எதுக்கும்மா?" என்றாள். அவள் குழந்தையாக இருந்தபோது, தன் படகில் கூட்டிப்போவதாக வெண்டெல் அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். நினைவிருக்கிறதா?

உங்கள் படகில் அவளை ஏற்றிக்கொள்வாயா? என்மேல் உள்ள கோபத்தை அவள்மேல் காட்டமாட்டாய் என்று நம்புகிறேன்.

உலுலானி

*

கைலுவா-கோனா
மே 15

அக்கா,

நான் அன்றைக்கு நிஜமாகவே குளித்துக்கொண்டுதான் இருந்தேன். நம்பாவிட்டால் போ.

நோஹேயா வரட்டும். பின்னறையைக் காலி செய்து வைக்கிறேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். அவள் வராமல் போன கோடைகள் எங்களுக்கு எப்படி இருந்தன என்று நான் எழுதினால் நீ குத்திக்காட்டுகிறேன் என்பாய். அதனால் எழுதவில்லை.

ஆனால் முங்குவதற்கு அவள் பெர்னிஸ் சில்வாவின் படகில் போகட்டும். உனக்கு அவளைத் தெரிந்திருக்காது. எங்களிடம் பல வருஷம் வேலை பார்த்தவள். இப்போது சொந்தமாகச் சின்னப் படகு வைத்திருக்கிறாள். ஆறு பேருக்கு மேல் ஏற்றமாட்டாள். கடல் சரியில்லை என்றால் கரையிலேயே நின்று "இன்னிக்கு இல்ல, வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிடுவாள். முங்கி எழுந்தவர்களுக்குச் சூடாக மீன் கஞ்சியும், அவள் அம்மா எண்ணெயில் சுட்டுச் சர்க்கரையில் புரட்டிய மலசாடாவும் கொடுப்பாள். எங்கள் படகில் நான் கொடுக்கிற சூப்பைவிட நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

வீடியோ, இலவசம் இதையெல்லாம் பார்த்துப் படகைத் தேர்ந்தெடுக்காதே. தண்ணீருக்குள் ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கேள். எல்லோரும் கீழே இருக்கும்போது மேலே படகில் யார் நிற்பார்கள், அவர்கள் எதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்று கேள். பெர்னிஸிடம் இதற்கெல்லாம் பதில் இருக்கிறது.

முதுகுவலி. இதோடு நிறுத்துகிறேன்.

மோவானி

*

லாஸ் வேகாஸ்
மே 22

மோவானிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை புரியவில்லை. இரண்டாவது தடவை நன்றாகப் புரிந்துவிட்டது.

அக்கா மகள் வீட்டில் வந்து தங்கலாம், சாப்பிடலாம். படகில் மட்டும் கால் வைக்கக் கூடாது. ஊரில் நாலு பேர் பார்க்கும் இடத்தில் என் ரத்தம் உன்னோடு நிற்கக் கூடாது, அப்படித்தானே? உங்களை விட்டுப் போய்ப் போட்டிக் கடை போட்டவளுடைய படகில் போகச் சொல்கிறாய். அவள் உங்களுக்கு எப்படிப்பட்டவள் என்று வெண்டெல் போன கிறிஸ்துமஸுக்கே என்னிடம் சொல்லிவிட்டான். "என் ஆளுங்களையே தட்டிட்டுப் போயிட்டா" என்று கத்தினான். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெண் எனக்கு யார்? கஞ்சிக்காகவா மகளைக் கடலில் இறக்குவார்கள்?

நான் ராத்திரி முழுக்க ஒரு ஹோட்டலின் சலவை அறையில் நிற்கிறேன். யார் யாரோ படுத்து எழுந்த படுக்கை விரிப்புகள், மலை மலையாக. அம்மா போனபோது எனக்கு இந்த வேலை கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. விடுப்புக் கேட்டேன். "போனா வராதே" என்றாள் மேற்பார்வைக்காரி. என் கணவன் கிளைடுக்கும் அப்போது வேலை இல்லை. இதை நான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். நீ போனை வைத்துவிட்டாய்.

எனக்குத் தண்டனை கொடுக்க உனக்கு உரிமை இருக்கிறது. நோஹேயாவுக்குக் கொடுக்க இல்லை. படகில் இடம் உண்டா, இல்லையா? ஒரு வார்த்தையில் எழுது.

உலுலானி

*

கைலுவா-கோனா
மே 30

அக்கா,

இல்லை.

ஒரு வார்த்தையில் கேட்டாய், எழுதிவிட்டேன். இதற்குமேல் ஒன்றும் எழுதக் கூடாது என்று தபால்தலை ஒட்டி வைத்தேன். பிறகு உறையைக் கிழித்தேன்.

உன்னைத் தண்டிக்க எனக்குத் தெம்பில்லை. உனக்கு என்னைப் பற்றி உள்ள எண்ணத்தைப் பார். காலையில் ஹோட்டல் வரவேற்பு மேசையில் போய் எங்கள் படகுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்கிறேன். மத்தியானம் சூப் வைக்கிறேன். சாயங்காலம் படகு. வீட்டுக்கு வந்து ஈர உடைகளை அலசிப் போடும்போது நடுச்சாமம் ஆகிவிடுகிறது. இதில் எங்கே உட்கார்ந்து உனக்குத் தண்டனை யோசிப்பேன்?

அம்மாவின் விஷயம் வேறு. கடைசி வாரத்தில் அம்மா என்னை உன் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். "உலு, தண்ணி கொடு" என்பாள். நானும் "இந்தாம்மா" என்று கொடுப்பேன். அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். போனில் உன் மேற்பார்வைக்காரியைப் பற்றி நீ பேச ஆரம்பித்ததும் போனை வைத்துவிட்டேன். அந்தச் சண்டையை நாம் நேரில்தான் போட வேண்டும். கடிதத்தில் போட்டால் காகிதம் தாங்காது.

நோஹேயா பெர்னிஸ் படகில் போகட்டும். நான் சொல்வதைக் கேள். காரணம் கேட்காதே.

மோவானி

*

லாஸ் வேகாஸ்
ஜூன் 6

மோவானிக்கு,

அம்மா உன்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்ட விஷயத்தைப் பற்றி என்னால் இன்றைக்கு எழுத முடியாது. பிறகு எழுதுகிறேன்.

உன் கடிதம் வருவதற்குள் இங்கே வேறு காரியம் நடந்துவிட்டது. நம் இருவரின் கடிதச் சண்டையைப் பார்த்து நோஹேயாவுக்கு அலுத்துவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் எழுதி முடிக்கறதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிடும்" என்று சொல்லிவிட்டு, நேராக வெண்டெலுக்கே போன் போட்டாள். நீ அப்போது கடைக்குப் போயிருந்தாயாம்.

அவன் அழுதுவிட்டானாம். "என் படகுல வராம வேற யார் படகுல வருவா?" என்றானாம். ஜூலை மூன்றாவது சனிக்கிழமை அவள் பெயரை எழுதி வைத்துவிட்டான். அன்றைக்கு அவளைத் தானே கூட இருந்து இறக்கப்போவதாகவும், படகு முழுக்க ஆள் இருந்தாலும் அவளுக்குத்தான் நல்ல இடம் என்றும் சொல்லியிருக்கிறான். இவள் இங்கே தரையில் கால் பாவாமல் திரிகிறாள்.

பயணச்சீட்டு வாங்கிவிட்டோம். ஆக, நீ எழுதிய அந்த "இல்லை" செல்லாமல் போய்விட்டது. நான் ஜெயித்தேன் என்று எழுத வரவில்லை. உனக்கு என்ன ஆயிற்று என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. நீ காரணமில்லாமல் பிடிவாதம் பிடிக்கிறவள் இல்லை. காரணத்தோடு பிடிப்பாய்.

உலுலானி

*

கைலுவா-கோனா
ஜூன் 12

அக்கா,

அவன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. படகில் வருகிறவர்களின் பெயர் எழுதும் பலகையில் அந்தச் சனிக்கிழமைக்கு நேராக அவள் பெயரை எழுதிப் பக்கத்தில் ஒரு பூவும் வரைந்திருந்தான். அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இனி மறைக்க முடியாது. இதைப் படித்ததும் கிழித்துப் போடு.

வெண்டெலுக்கு இடது காது கேட்காது.

கொஞ்சம் மந்தம் என்று நினைக்காதே. சுத்தமாகக் கேட்காது. வலது காதிலும் பக்கத்தில் வந்து சொன்னால்தான் விழுகிறது. எப்போதிலிருந்து என்று எனக்கே சரியாகத் தெரியாது. அடுப்பில் கெட்டில் கூவிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பான். வலது காதைத் தலையணையில் வைத்துப் படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டான். யாரோடு நடந்தாலும் அவர்களுக்கு இடது பக்கமாகப் போய் ஒட்டிக்கொள்வான். பார்க்கிறவர்களுக்கு அது மரியாதை மாதிரி இருக்கும். நான் ஒரு தடவை டாக்டரிடம் போகலாம் என்றேன். "தண்ணி போயிருக்கு, தானா சரியாயிடும்" என்றான். அதற்கப்புறம் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். நாற்பது வருஷம் கடலுக்குள் ஏறி இறங்கியவனுக்குத் தெரியாதா, அது தண்ணீர் இல்லை என்று?

போன வருஷம் மார்ச்சில் ஒரு ராத்திரி. எல்லோரும் முங்கி மேலே வந்துகொண்டிருந்தார்கள். படகில் அன்றைக்கு இருபது பேருக்கு மேல். கனடாவிலிருந்து வந்த ஒரு பெரியவர் கூட்டத்தை விட்டு விலகி, படகுக்கு இடப்பக்கமாக இருட்டில் எழுந்துவிட்டார். அவர் டார்ச் அணைந்துவிட்டது. கூப்பிட்டிருக்கிறார். நான் பின்னால் சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன். என்னைச் சுற்றி எல்லோரும் எத்தனை திருக்கை, எவ்வளவு பெரிது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்கவில்லை. வெண்டெல் சுக்கானில் நின்றான். அந்த மனிதர் அவனுக்கு நேர் இடது பக்கம், கூப்பிடு தூரம்கூட இல்லை. அவனுக்கும் கேட்கவில்லை. எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று நினைத்து எஞ்சினைப் போட்டுவிட்டான்.

பெர்னிஸ் பின்னாலிருந்து ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். அவன் கையைத் தட்டிவிட்டு எஞ்சினை நிறுத்தினாள். விளக்கைத் திருப்பிப் பார்த்தால், அந்தப் பெரியவர் படகின் பின்பக்க ஏணியைப் பிடிக்க வந்துகொண்டிருக்கிறார். எஞ்சினின் விசிறிக்குப் பக்கத்தில் அவருடைய கால்.

அவருக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. சிரித்துக்கொண்டு ஏறினார். இரண்டு கப் சூப் குடித்தார். யாரும் புகார் சொல்லவில்லை. கரைக்கு வந்ததும் வெண்டெல் பெர்னிஸைத் திட்டினான். "ஆளுங்க முன்னாடி கேப்டன் மேல கை வைப்பியா?" என்றான். அவள், "கேப்டன், அந்த ஆளு அஞ்சு தடவ கத்தினாரு. உனக்குக் கேக்கலயா?" என்றாள். அவன் கயிற்றைக் கட்டப் போய்விட்டான். அந்த வாரமே அவள் போய்விட்டாள். அவள் தட்டிக்கொண்டு போனாள் என்று ஊரெல்லாம் சொல்கிறான். அவள் இதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இப்போது சொல். உன் மகளை அந்தப் படகில் ஏற்றவா?

மோவானி

*

லாஸ் வேகாஸ்
ஜூன் 18

மோவானி,

உன்னைப் பற்றி நான் நினைத்ததற்கெல்லாம் என்னை மன்னித்துவிடு. கடிதத்தைப் படித்துவிட்டு விரிப்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை செய்கிற பிலிப்பினோ அம்மா ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள்.

நோஹேயா அந்தப் படகில் ஏறமாட்டாள். அது முடிந்தது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கோபப்படாதே. நோஹேயாவுக்கு ஒரு சித்தி இருக்கிறாள், எழுதிக் காப்பாற்றிவிட்டாள். இன்றைக்குச் சாயங்காலம் உங்கள் படகில் ஏறப்போகிறவர்கள் இருக்கிறார்களே. அவர்களுக்கு யார் எழுதுவார்கள்?

உலு

*

கைலுவா-கோனா
ஜூலை 2

அக்கா,

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் படகுக்குப் போய்வந்தேன். அந்த ஒரு வாரமும் சூப் பானைப் பக்கமே போகவில்லை. இடது பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி நின்றேன். இனி நானே அவனுடைய காதாக இருந்துவிடலாம், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு கணக்குப் போட்டேன். ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டேன். தலை கம்பியில் இடித்ததும்தான் விழித்தேன். எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று தெரியவில்லை. கீழே ஆட்கள் இருந்தார்கள்.

மறுநாள் துறைமுகத்தில் எல்லோரும் வந்து நின்றார்கள். ஒரு அம்மா தன் மகனோடு வந்திருந்தாள், இரண்டு ஜப்பானியத் தம்பதிகள், கல்லூரிப் பையன்கள் ஒரு கூட்டம். வெண்டெல் படகில் நின்று கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். நான் சூப் பானையைத் தரையில் வைத்துவிட்டுப் படகில் ஏறி, அவனுக்கு இடது பக்கம் போய் நின்றேன். சாதாரணக் குரலில் சொன்னேன்.

"வெண்டெல், இன்னிக்குப் படகை எடுக்காத."

அவன் கயிற்றை இழுத்தான்.

"வெண்டெல், படகை எடுக்காத."

அந்த அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. மகன் கையைப் பிடித்துக்கொண்டாள். பையன்களின் பேச்சு நின்றது. நான் மூன்றாவது தடவை கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அவன் நிமிர்ந்தான். என் குரல் கேட்டு நிமிரவில்லை. கரையில் எல்லோரும் தன்னையே பார்ப்பது தெரிந்து நிமிர்ந்தான்.

"என்னாச்சு? ஏன் எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க?"

நான் சுற்றிப் போய் அவன் வலது பக்கம் நின்றேன். "மூணு தடவ கூப்பிட்டேன்."

"கூப்பிட்டா எனக்குக் கேக்காதா?"

"கேக்கல."

"எஞ்சின் சத்தத்துல யாருக்குடி கேக்கும்?"

எங்கள் வழிகாட்டி ராய்டன் பின்னால் சிலிண்டர்களை அடுக்கிக்கொண்டிருந்தான். பெரிய ஆள், யார் வம்புக்கும் போகாதவன். அவன் மெதுவாகச் சொன்னான்: "கேப்டன், எஞ்சின் இன்னும் போடவே இல்ல."

வெண்டெல் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வழியில் ஏதோ கீழே போட்டுவிட்டவன் மாதிரி பார்த்தான். கயிற்றை ஒழுங்காகச் சுருட்டி வைத்தான். சாவியை ராய்டன் கையில் கொடுத்தான். படகிலிருந்து இறங்கி, அந்தக் கூட்டத்துக்கு நடுவே நடந்து, டிரக்கில் ஏறிப் போய்விட்டான்.

மிச்சத்தை நான்தான் பார்க்க வேண்டியிருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பெர்னிஸ் தன் படகில் இடமிருந்த வரைக்கும் ஏற்றிக்கொண்டாள், என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீதிப் பேரை வேறு படகுகளுக்கு அனுப்பினேன். ஹோட்டல்காரி போனில் கத்தினாள். கல்லூரிப் பையன் ஒருவன் போகும்போது, "சூப்பாவது கிடைக்குமா ஆன்ட்டி?" என்றான். ஊற்றிக் கொடுத்தேன். பிறகு பானையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவன் வீட்டுக்கு வருவதில்லை. படகிலேயே படுக்கிறான். சாப்பாடு கொண்டுபோய் வைக்கிறேன், பாத்திரத்தைக் கழுவித் திருப்பி வைக்கிறான். நாங்கள் ஊருக்குப் பேச்சாகிவிட்டோம். கடைக்குப் போனால் எல்லோரும் என்னிடம் ரொம்ப மெதுவாகப் பேசுகிறார்கள், நோயாளியிடம் பேசுவதுபோல. காது கேட்காதது அவனுக்குத்தான், எனக்கில்லை என்று கத்தலாம்போல் இருக்கிறது.

நீ கேட்டது சரிதான். சரியானதைக் கேட்டதற்காக உன்மேல் எனக்கு இப்போது கொஞ்சம் கோபம். அது போய்விடும்.

மோவானி

*

லாஸ் வேகாஸ்
ஜூலை 9

மோவானி கண்ணே,

அந்தக் கேள்வியை இங்கே உட்கார்ந்து எழுத எனக்குச் சுலபமாக இருந்தது. துறைமுகத்தில் நின்றது நீ. கோபப்படு, எத்தனை நாள் வேண்டுமானாலும் படு.

நோஹேயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். "சித்தப்பாவ எல்லார் முன்னாடியும் அப்படிப் பண்ணியிருக்க வேணாம்" என்று உன்மேல் கோபம். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "வேற எப்படிம்மா பண்ணியிருக்க முடியும்?" என்று என்னையே கேட்டாள்.

பிறகு அவளே பெர்னிஸின் எண்ணைத் தேடி எடுத்துப் பேசினாள். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். நீ முன்பு எழுதியிருந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் விசாரித்தாள். கீழே எத்தனை பேர், மேலே யார் நிற்பார்கள் என்றெல்லாம். கடைசியில் பெர்னிஸ், "நீ வெண்டெல் வீட்டுப் பொண்ணா?" என்று கேட்டிருக்கிறாள். இவள் ஆமாம் என்றதும், "எனக்கு முங்கச் சொல்லிக் கொடுத்ததே அந்தாளுதான். வா, பாத்துக்கறேன்" என்றாளாம்.

அம்மா உன்னை என் பெயரால் கூப்பிட்டாள் என்று எழுதினாயே. அதைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன். நாலு தடவை உட்கார்ந்தேன். வேலை முடிந்து வரும்போது வெயில் ஏறிவிடுகிறது, திரையை இழுத்துவிட்டுப் படுத்தால் அம்மா தண்ணீர் கேட்பது போலவே இருக்கிறது. எழுந்து நானே ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறேன். இவ்வளவுதான் எழுத முடிகிறது. நீ இரண்டு பேர் வேலையைச் செய்திருக்கிறாய், மோவானி.

வெண்டெலை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. வரமாட்டேன் என்றால் நோஹேயா வந்து இழுத்துக்கொண்டு போவாள் என்று சொல்.

உலு

*

கைலுவா-கோனா
ஜூலை 24

அக்கா,

உன் மகள் பின்னறையில் தூங்குகிறாள். தலைமுடி பூராவும் உப்பு. குளிக்கச் சொன்னால் நாளைக்கு என்கிறாள். விமானத்திலிருந்து இறங்கியதும் என்னைக் கட்டிக்கொண்டு, "உங்க மேல கோவம் சித்தி, ஆனா பசிக்குது" என்றாள். அதோடு எங்கள் சண்டை முடிந்தது. நீயும் நானும் இவளிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதலில் டாக்டர் விஷயம். இவள் வந்த மறுநாள் படகுக்குப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எந்தக் காதில் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்து, சட்டை எங்கே என்று கேட்டான். மூன்று பேரும் தீவின் மறுபக்கம் ஹிலோவுக்குப் போனோம். காது டாக்டர் சின்னப் பெண்தான். மறைக்காமல் சொன்னாள். உள்ளே நரம்பு செத்துவிட்டது, ஏதோ ஒரு தடவை முங்கும்போது போயிருக்கிறது, இனி வராது. வலது காதும் மங்கிக்கொண்டு வருகிறது, மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் இனிமேல் முங்கவே கூடாது. பகலில், பக்கத்தில் இன்னொரு ஆளை வைத்துக்கொண்டு படகு ஓட்டலாமா என்று நான்தான் கேட்டேன். ஓட்டலாம் என்றாள். அவன் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மலைப்பாதையில் திரும்பி வரும்போது வழி முழுக்க மழை.

சனிக்கிழமை. பெர்னிஸின் படகு. நான் மேலே நின்று பார்த்துக்கொள்ளக் கூட வரலாமா என்று கேட்டேன். "வா, ஆனா என் படகுல சூப் பக்கம் போகக்கூடாது, எங்கம்மா சண்டைக்கு வரும்" என்றாள்.

வெண்டெல் வருவான் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஏறப்போகிற நேரத்தில் டிரக் வந்து நின்றது. இறங்கி நேராக வந்து நோஹேயாவின் சிலிண்டரைத் திருப்பினான். வால்வைத் திறந்து மூடிப் பார்த்தான். வாரை ஒரு துளை இறுக்கினான். அவள் சிலிண்டரின் காற்றுக்குழாயைத் தானே வாயில் வைத்து இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். பெர்னிஸ் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேப்டன், என் வேலைல நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு. அதான் வேற எதையும் தொடல."

"ஏறு. ஒரு ஆளுக்கு இடம் இருக்கு."

"ஆறு பேர்தான ஏத்துவ?"

"நீ அரை ஆளு மாதிரி இளைச்சுப் போயிருக்க. ஏறு."

அவன் சிரிக்கவில்லை, ஆனால் முகம் கொஞ்சம் இளகியது. தலையை ஆட்டிவிட்டுப் போய் டிரக்கில் உட்கார்ந்துகொண்டான்.

நான் மேலேயே நின்றேன். கீழே கடல் தரையில் விளக்குப் பெட்டியை வைத்துவிட்டு, எல்லோரும் அதைச் சுற்றிப் பாறைகளில் உட்கார்ந்து டார்ச்சை மேல்நோக்கிப் பிடித்திருந்தார்கள். இருட்டிய கடலில் அந்த ஒரு இடம் மட்டும் பச்சையாக எரிந்தது. வெளிச்சத்துக்குப் பூச்சிகள் மாதிரிப் பொடி உயிர்கள் கூடின, அவற்றைத் தின்னத் திருக்கைகள் வந்தன. மேலேயிருந்து பார்த்தால் வெளிச்சத்தை ஏதோ ஒன்று மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. இத்தனை வருஷம் அந்தப் படகில் போய்வந்தும் நான் இதை நின்று பார்த்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எப்போதும் கப்பில் சூப் ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நோஹேயா எழுந்து வந்தபோது, முகக்கண்ணாடியைக் கழற்றாமலேயே பேச ஆரம்பித்துவிட்டாள். பெர்னிஸ் ஒவ்வொருவரையும் தொட்டுத் தொட்டு ஏற்றினாள். எல்லோரும் ஏறிய பிறகும் எஞ்சினைப் போடவில்லை. எல்லோரையும் வாயை மூடச் சொன்னாள். படகில் ஒரு சத்தமில்லை. கொஞ்ச நேரம் தண்ணீரைக் கேட்டாள். அப்புறம்தான் சாவியைத் திருகினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கஞ்சி காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கரைக்கு வந்தோம். டிரக் அதே இடத்தில் நின்றது. அவன் பின்பலகையைத் திறந்துபோட்டு அதில் உட்கார்ந்திருந்தான். நோஹேயா ஈர உடையோடு ஓடிப்போய், தாவி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சித்தப்பா, ஒண்ணு என் தலைக்கு மேலயே வந்துச்சு. வாயத் தொறந்துக்கிட்டு வந்துச்சு, உள்ள பூரா தெரிஞ்சுது, ஒரு ரூம் மாதிரி. நான் மூச்சு விடவே மறந்துட்டேன், பெர்னிஸ் தட்டினாங்க. அப்புறம் அது அப்படியே மல்லாந்து..." என்று கைகளை விரித்துக் காட்டிக் கொட்டிக்கொண்டே போனாள்.

அவள் உட்கார்ந்தது அவனுக்கு இடது பக்கம்.

படகிலிருந்து இறங்கிய ஆட்கள் எல்லோரும் சுற்றிலும் நின்றார்கள். பெர்னிஸ் கயிற்றோடு நின்றாள். ராய்டனும் எங்கிருந்தோ வந்திருந்தான். நான் போய் அவளை இடம் மாற்றிவிடலாமா என்று ஒரு அடி வைத்தேன். அதற்குள் வெண்டெல் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னான்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லும்மா. எனக்கு அந்தக் காது கேக்காது."

அவள் இறங்கி, சுற்றிப் போய், மறுபக்கம் ஏறி உட்கார்ந்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மோவானி